கோயிலைக் காண்பதும் படம் எடுப்பதும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கற்றறிந்த பெருமக்கள். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். பார்சல் ஆபீசில் குமாஸ்தா. மூட்டைகளின் மேல் எழுதியிருக்கும் பெயரையும் ஊரையும் படித்துப் பதிவேட்டில் ஏற்றுவதே என் தொழில். தமிழை எழுதவும் படிக்கவும் நான் கற்றதுகூட நம் சங்கம் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலேதான். அப்படிப்பட்டவனைப் பார்த்து நம் செயலாளர், “விடுமுறை கிடைத்தால் கோயில் கோயிலாகச் சென்று படம் எடுக்கிறீரே, அதைப் பற்றிப் பேசும்” என்று பணித்துவிட்டார். பெரியோர் சொல்லைத் தட்டலாகாது என்று வந்து நிற்கிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கொரு முறை பாஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊர் செல்கிறோம். அங்கே குலதெய்வத்தை வணங்குகிறோம். மதுரை, தஞ்சை, இராமேசுவரம் என்று சுற்றுகிறோம். திரும்பி வந்தபின் அடுத்த ஆண்டு வரையில் அந்தப் பேச்சையே பேசிக்கொண்டிருக்கிறோம். நல்ல வழக்கந்தான். ஆனால் இந்தக் கரக்பூரில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும், நம் பிளாட்பாரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய விஷ்ணுபூரைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே நாற்பது வயதை நெருங்கும் வரை பார்க்கவில்லை. பார்க்கும்படி என்னை அனுப்பியது ஒரு பிஸ்கட் டப்பா.

என் தந்தையார் இங்குள்ள பணிமனையில் வேலை பார்த்தவர். அவரிடம் அக்பா கிளிக் மூன்று என்னும் சிறிய காமிரா ஒன்று இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே சதுரப் படங்கள். காசைக் கணக்கிட்டுச் செலவழித்த காலம். ஆகையால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சுருள்களுக்கு மேல் அவர் வாங்கியதில்லை. அந்தப் படங்களெல்லாம் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. 1999-இல், நான் பத்தொன்பது வயதுப் பிள்ளையாய் இருக்கையில், அவர் திடீரென்று காலமானார். அவருடைய வேலைக்குப் பதிலாக எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது. டப்பா பீரோவின் மேல் ஏறிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து அதைத் திறந்து பார்த்தேன். ஒரு படத்தில் என் தாயார் இளம்பெண்ணாய், கைக்குழந்தையான என் தமக்கையை இடுப்பில் ஏந்திக்கொண்டு, செங்கல்லால் ஆன ஒரு கோயிலின் முன் நிற்கிறார். பின்னால் மூன்று வளைவுகள். அவற்றின் மேல் வரிசை வரிசையாகச் சிற்பங்கள். படத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட இல்லை. “அம்மா, இது எந்தக் கோயில்?” என்று கேட்டேன். “ரயிலிலே போனோம். மண்ணெல்லாம் சிவப்பா இருந்துது. மரத்தடியிலே தயிர்சாதம் சாப்பிட்டோம். பேரு மறந்து போச்சு ஐயா, உங்க அப்பாவுக்குத் தெரியும்” என்றார்.

பார்சல் ஆபீசில் இருப்பவனுக்கு இந்தத் துயரம் நன்றாகப் புரியும். மூட்டைக்குள் பட்டுப் புடவை இருக்கலாம், பழைய துணியும் இருக்கலாம். மேலே எழுதிய சீட்டுக் கிழிந்துவிட்டால் இரண்டும் ஒன்றே. அனுப்பியவரும் தெரியாது, பெறுபவரும் தெரியாது. கொஞ்ச நாள் மூலையில் கிடந்து ஏலத்துக்குப் போகும். என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்ற மூட்டை அவ்வாறு கிடந்தது.

உடன் வேலை பார்க்கும் வங்காள நண்பர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், “இது விஷ்ணுபூர்” என்றார். எந்தக் கோயில் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள், காலை வண்டியில் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஆத்ரா செல்லும் பாதை அது. கங்சாவதி ஆற்றைக் கடந்து மேதினிபூர்; பிறகு சால்போனி, சந்திரகோணா ரோடு, கர்பேத்தா. வழியில் சால மரக் காடுகளும், அம்மா சொன்ன அதே சிவந்த மண்ணும். அந்த மண்ணே விஷ்ணுபூர்க் கோயில்களின் தாய். நம் ஊர்ப் பக்கத்தைப் போலக் கருங்கல் அங்கே எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பவை இரண்டு: ஆற்று வண்டல் களிமண், பூமிக்கடியில் வெட்டி எடுக்கும் செம்புரைக்கல். களிமண்ணைப் பலகையாக்கி, ஈரத்திலேயே உருவங்களைச் செதுக்கி, சூளையில் சுட்டுச் சுவரில் பதித்தார்கள். மூங்கிலை வளைத்துக் கூரை வேய்ந்த வங்காளக் குடிசையின் வடிவத்தையே செங்கல்லில் கட்டினார்கள். அதனால்தான் அங்குள்ள கோயில்களின் மேற்கூரை விளிம்பு வில்லைப்போல் வளைந்திருக்கிறது. மழை மிகுந்த நாட்டில் நீர் வழிந்தோட அதுவே தக்க வடிவம்.

விஷ்ணுபூர் மல்ல மன்னர்களின் தலைநகரம். அவர்களில் பேர்பெற்றவர் வீர ஹம்பீரர். விருந்தாவனத்திலிருந்து வைணவச் சுவடிகளை ஏற்றி வந்த வண்டிகளைப் புதையல் என்று எண்ணி அவருடைய ஆட்கள் கொள்ளையிட்டார்களாம். சுவடிகளைத் தேடி வந்த சீனிவாச ஆச்சாரியாரின் சொல்லைக் கேட்டு மன்னர் மனம் மாறி, அவருக்கே சீடரானார் என்பது அந்நாட்டு வைணவ மரபு. அதன் பிறகு எழுந்தவையே இக்கோயில்கள். வீர ஹம்பீரர் 1600-ஐ ஒட்டிக் கட்டிய ராசமஞ்சம், உயர்ந்த மேடையின் மேல் கூம்பிய கூரையோடு நிற்கிறது. முன்னாளில் ராச விழாவின்போது ஊரிலுள்ள கண்ணன் ராதை திருமேனிகளையெல்லாம் அங்கே எழுந்தருளச் செய்வார்களாம்.

அங்கிருந்து ஒவ்வொரு கோயிலாகப் படத்தை நீட்டிப் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டே சென்றேன். ஜோட்பாங்களாவில் இரண்டு குடிசைகளை ஒட்டி வைத்தாற்போன்ற அமைப்பு, கூரை பொருந்தவில்லை. ஆனால் அதன் சுவர்களை விட்டு வர மனம் வரவில்லை. இராமாயணம் ஒருபுறம், பாரதம் ஒருபுறம், அம்புப் படுக்கையில் பீஷ்மர், வேட்டைக்காரர்கள், கப்பல்கள். நம் ஊரில் பாட்டிமார் சொன்ன கதைகளையே இங்கே ஒருவர் மண்ணில் சொல்லியிருக்கிறார். மொழி தெரியாத ஊரில் சொந்தக்காரரைக் கண்டதைப் போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இக்கோயில்களைக் கட்டிய மன்னர்கள் ஆண்டைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். மல்ல ஆண்டு என்பது அவர்களுடைய கணக்கு. அதனோடு 694-ஐக் கூட்டினால் நம் ஆங்கில ஆண்டு வரும். சியாமராயர் கோயில் மல்ல ஆண்டு 949, அதாவது 1643. ஜோட்பாங்களா 961, அதாவது 1655. மதனமோகனர் கோயில் சரியாக 1000, அது 1694. முதல் இரண்டையும் கட்டியவர் இரகுநாத சிங்கர். மூன்றாவதைக் கட்டியவர் துர்ஜன சிங்கர். முந்நூறு ஆண்டுகள் கடந்தபின் எங்கிருந்தோ வந்த ஒரு பார்சல் குமாஸ்தாவும் கணக்கிட்டு அறியும்படி சீட்டை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள் அந்தப் புண்ணியவான்கள்!

சியாமராயர் கோயிலுக்கு வந்தபோது என் கால்கள் நின்றன. ஐந்து சிகரங்கள், நான்கு பக்கமும் மும்மூன்று வளைவுகள், சுவரில் ஒரு சாண் இடமும் வெறுமையாக இல்லை. அம்மாவின் பின்னால் தெரிந்த கோயில் இதுவே. ஆனால் எந்தப் பக்கம்? நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே தோற்றம். அப்பொழுது படத்தை மறுபடியும் உற்றுப் பார்த்தேன். அம்மாவின் காலடிக்கு முன்னால் தரையில் நீண்ட நிழல் ஒன்று விழுந்திருந்தது. தலையைக் குனிந்து, மார்பருகே எதையோ பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளின் நிழல். இருபது ஆண்டுகளாக அந்தப் படத்தை வைத்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

என் தந்தையார் தாம் எடுத்த படம் எதிலும் இல்லை. எடுப்பவர் எப்படி இருப்பார்? அந்த ஒரு படத்தில் மட்டும் நிழலாக இருக்கிறார். வெயில் முதுகில் படும்படி நின்று எடு என்பது அக்காலத்துக் காமிராவின் பாடம். நிழல் அவ்வளவு நீளமென்றால் சாயங்காலம். சாயங்கால வெயில் விழுமென்றால் மேற்குப் பக்கம். மேற்கே போய் வளைவின் மேலிருந்த பலகைகளை வரிசையாக எண்ணிப் பார்த்தேன். ஒன்று விடாமல் பொருந்தின. ஆனால் நான் போனது முற்பகல்; சுவர் நிழலில் மங்கிக் கிடந்தது. மாலை வரையில் காத்திருந்து, வெயில் சாய்ந்தபின், அவர் நின்ற இடத்தில் நின்றேன். அன்று வெறும் மண்ணாக இருந்த தரை இன்று புல்தரையாக இருக்கிறது. என் நிழலும் அதே திசையில் விழுந்தது. கண் கலங்கியது என்று சொல்ல நான் வெட்கப்படவில்லை. பின்புறம் ஒரு வரி எழுதியிருந்தால் தேடியிருக்க வேண்டாம். அதனினும் முக்கியமாக, அவர் உயிரோடிருக்கையில் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்பாவைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. என் கதையையும் கேளுங்கள். ஒரு முறை குடும்பத்தோடு புவனேசுவரம் சென்றேன். கையில் கைப்பேசி, சுருளுக்குக் காசு இல்லை, கேட்க வேண்டுமா? ஒரே நாளில் இருநூற்றுக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். வீடு திரும்பியதும் அம்மா அருகில் அமர்ந்து, “இது எந்தக் கோயில்? இது எந்தச் சாமி?” என்று கேட்கத் தொடங்கினார். முக்தேசுவரத்தை அதன் தோரண வாயிலால் சொன்னேன். மற்றவற்றில் ராஜாராணி எது, பிரம்மேசுவரம் எது என்று விழித்தேன். பாதிப் படங்களில் கோயிலே தெரியவில்லை; எங்கள் முகங்களே தெரிந்தன. அன்று முழுவதும் கோயில்களின் நடுவே இருந்தேன். ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அடுத்த ஆண்டு கைப்பேசி பழுதாகி அந்தப் படங்களும் போயின. அப்பாவின் பன்னிரண்டு படங்கள் இன்னும் இருக்கின்றன. என்னுடைய இருநூறு எங்கே?

கைப்பேசி தேதியையும் இடத்தையும் தானே குறித்துக்கொள்ளுமே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியவுடன் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. பெறுகிறவர் கையில் மறுபடியும் சீட்டில்லாத மூட்டை.

ஒரு படமும் அதன் குறிப்பும் என்ன செய்யும் என்பதற்கு மூன்று சான்றுகள் கூறி மேலே செல்கிறேன். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி சென்னை மாகாண அரசுக்காகத் தஞ்சையிலும் மதுரையிலும் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒன்றாக ஒட்டி வைத்தார். அழகான காட்சிகள் எத்தனையோ இருக்க, எழுத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, நம் வங்காளத்திலேயே நடந்தது. டேவிட் மக்கச்சன் என்ற ஆங்கிலேயர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர். கிராமம் கிராமமாக அலைந்து செங்கல் கோயில்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் காலத்தையும் வகையையும் குறித்து வைத்தார். 1972-இல் நாற்பத்தொரு வயதில் கல்கத்தாவில் இளம்பிள்ளை வாதத்துக்குப் பலியானார். அவர் எடுத்த படங்கள் இன்று இலண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் கண்ட கோயில்களில் இடிந்துபோனவற்றுக்கு அந்தப் படங்களே சாட்சி.

மூன்றாவது, நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான். அங்கிருந்து களவு போன நடராசர் திருமேனி ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை சென்றுவிட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னர் அதே திருமேனியைக் கோயிலில் வைத்தே படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு சேமித்து வைத்திருந்தார்கள். அந்தப் படம் சாட்சி சொன்னது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டில்லிக்கு வந்து திருமேனியைத் திருப்பி ஒப்படைத்தார். ஊர்ப் பெயர் எழுதாத படமாக இருந்திருந்தால், எந்த ஊர்க் கூத்தபிரான் என்று யார் நிரூபித்திருக்க முடியும்?

இனி, என் சிற்றறிவுக்கு எட்டிய சில முறைகளைச் சொல்கிறேன்.

கோயிலுக்குப் போனதும் காமிராவை எடுக்காதீர்கள். முதலில் வலமாக ஒரு சுற்றுச் சுற்றி வெறுங்கண்ணால் பாருங்கள். வழிபாடு நடக்கும் கோயிலானால் முதலில் தரிசனம், மற்றதெல்லாம் பிறகு. விஷ்ணுபூரில் பல கோயில்களில் இன்று பூசை இல்லை. மதனமோகனர் கோயிலில் உண்டு. அங்கே செருப்பைக் கழற்றி, அர்ச்சகரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பூரியிலும் புவனேசுவரத்து லிங்கராசர் கோயிலிலும் உள்ளே காமிராவுக்கு இடமில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களிலும் கைப்பேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மூலவர் நம் கண்ணுக்கு உரியவர்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் கையில் பிடித்து எடுக்கும் காமிராவுக்குப் பொதுவாகத் தடையில்லை. முக்காலி வைப்பதானால் முன் அனுமதி வேண்டும். சுடுமண் சிற்பத்தைத் தொடாதீர்கள். குழந்தையை அதன்மேல் சாய்த்து நிறுத்தாதீர்கள். கருங்கல்லைப்போல் அது தாங்காது. மூக்கும் விரலும் முதலில் உதிரும்.

முதற்படம் ஆண்டு பொறித்த கல்வெட்டாக, அல்லது துறையின் அறிவிப்புப் பலகையாக இருக்கட்டும். அடுத்தது முழுக் கோயில். பிறகு நான்கு பக்கமும் ஒவ்வொன்றாக. அதன் பின்னரே தனிச் சிற்பங்கள். புடைப்புச் சிற்பத்துக்கு உச்சி வெயில் ஆகாது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது உருவங்கள் உயிர்பெறும். குடும்பத்தாரை நிறுத்துவதானால் சற்று ஓரமாக நிறுத்துங்கள். கோயிலும் தெரியட்டும், பிள்ளைகளும் தெரியட்டும். யாராவது ஒருவரிடம் காமிராவைக் கொடுத்து, எடுப்பவரையும் ஒரு படத்தில் சேருங்கள். என் வீட்டு அனுபவத்தால் இதைச் சொல்கிறேன்.

வீடு திரும்பிய அன்றிரவே, தூங்குவதற்கு முன், ஊர், கோயில், பக்கம், தேதி, உடன் வந்தவர் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதிவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் நாளை வராது. இருநூற்றில் இருபதைத் தேர்ந்து காகிதத்தில் அச்சிடுங்கள்.

தலைவர் அவர்களே! நம் சங்கத்துக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. வருகிற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று காலனிக் குடும்பங்கள் சேர்ந்து விஷ்ணுபூர் சென்று வருவோம். கட்டுச்சாதம் கட்டிக்கொள்வோம். தாய்மார்கள், கோயில் சுவர்களில் உள்ளதைப் போன்ற கதைக் காட்சிகளை முந்தானையில் நெய்த பாலுசரிப் பட்டையும் அங்கே பார்க்கலாம். வாங்குவதும் வாங்காததும் வீட்டுத் தலைவர்களின் பாடு! பிள்ளைகள் ஆளுக்கொரு சுவரை எடுத்துக்கொள்ளட்டும்; எடுத்த படத்தின் பின்னால் தமிழில் எழுதட்டும். அவற்றைத் தொகுத்து ஓர் ஆல்பமாக நம் வாசகசாலையில் வைப்போம். அதோடு, உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் உள்ள படங்களையும் இந்த வாரமே எடுத்துப் பெரியவர்கள் முன் வையுங்கள். யார், எங்கே, எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

விஷ்ணுபூரிலிருந்து நான் திரும்பிய இரவு, பழைய படத்தையும் புதிய படத்தையும் அம்மாவின் மடியில் வைத்தேன். தரையில் விழுந்த நிழலைச் சுட்டிக் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “பேனா எடு ஐயா, நான் சொல்றேன், எழுது” என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: விஷ்ணுபூர், சியாமராயர் கோயில், மேற்குப் பக்கம், 1977-ஆம் ஆண்டு, மாலை. நிற்பது அம்மாவும் அக்காவும். எழுதி முடித்ததும் அம்மா இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: நிழல் அப்பாவுடையது.